டிரையர்காரர் உள்ளே இருக்கிறார்

கருங்குன்று எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் தூளை உலர்த்தும் டிரையர் ஓட்டும் ஞானசிகாமணி, ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சர்ச் பூசைக்குப் போய்வந்து, கறியும் சோறும் தின்று, நிம்மதியாக ஒரு ஏப்பம் விட்டு, கட்டம் போட்ட லுங்கியும் சட்டைப்பையில் செல்போனுமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தான் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் நடந்து போய்விட்டார். போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்லிவிட்டுப் போகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. அவர் வெளியே எங்கும் போகவில்லை என்பதற்கு நாற்காலிக்கு அடியில் ஜோடியாகக் கிடந்த ரப்பர் செருப்பும் வாசலில் நின்ற மழைக்காலப் பூட்ஸும்தான் சாட்சி. மழை பிடித்துவிட்டால் அட்டைகள் கால் விரலுக்கு நடுவே நடுவே ஏறிக்கொள்ளும் அந்த மலையில், பைத்தியக்காரன்கூட வெறுங்காலோடு படியிறங்க மாட்டான். ஆகவே ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்பதில் எஸ்டேட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை; எப்படிப் போனார் என்று கேட்டவர்களைவிட, ஏன் செருப்பில்லாமல் போனார் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு அந்த விளையாட்டைக் கண்டாலே ஆகாது. கம்ப்யூட்டர் மகள் ஜான்சியின் படிப்புக்கென்று வாங்கியது. மகள் படித்து முடித்துக் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனபின் இவர் அதைத் தத்தெடுத்துக்கொண்டார். எஸ்டேட் முழுக்கக் கம்பி இழுத்து இணையம் கொடுக்கும் வில்லியத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, விவசாய விளையாட்டு ஒன்றை வாங்கினார். வாங்கினார் என்றால் கையில் ஒன்றும் வரவில்லை. பெட்டி இல்லை, தட்டு இல்லை, துண்டுக் காகிதம்கூட இல்லை. வாங்கியாயிற்று என்று திரை சொன்னது, இவரும் நம்பினார். “பொருள் எங்கங்க?” என்று புஷ்பம் கேட்டதற்கு, “உள்ள இருக்கு புள்ள” என்று பெருமையாகச் சொன்னார். உள்ளே என்ன இருந்தது என்றால், தரை இருந்தது. மேடு பள்ளமே இல்லாமல், ஊற்றிவிட்ட தோசை மாதிரி, கண்ணுக்கு எட்டின மட்டும் சமமான தரை. அதில் கோதுமை விதைக்கலாம், டிராக்டர் ஓட்டலாம், கிணறு வெட்டலாம், யாரும் காலி பண்ணச் சொல்லாத ஒரு வீட்டைச் சொந்தமாகக் கட்டிக்கொள்ளலாம். பிறந்த நாளிலிருந்து ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நின்றே நாற்பத்துநாலு வயதைக் கழித்த மனுஷனுக்கு, அந்தத் தரையைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்து வந்தால் டிராக்டர், சாப்பிட்டு எழுந்தால் டிராக்டர், அடுப்பில் கேஸ் தீர்ந்துபோச்சு என்று கத்தினால் “இரு புஷ்பம், இந்த ஒரு சால் மட்டும் உழுதுட்டு வந்துர்றேன்” என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் துணி துவைத்துவிட்டு வந்த புஷ்பம், நாற்காலி காலியாக இருக்க, திரையில் கோதுமைக் காட்டுக்கு நடுவே கட்டம் போட்ட லுங்கி கட்டின குட்டி ஆள் ஒன்று இரண்டு கையையும் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். கருமம், இதுக்கும் லுங்கி கட்டிவிட்டுட்டாரா என்று எரிச்சல்தான் வந்தது. கரண்டு வீணாகிறதே என்று, ஜான்சி சொல்லிக்கொடுத்திருந்தபடி மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கி விளையாட்டை மூடினாள், கம்ப்யூட்டரையும் முறைப்படி அணைத்தாள். முறைப்படித்தான் அணைத்தேன், முறைப்படித்தான் அணைத்தேன் என்று அவள் பிற்பாடு நூறு பேரிடம் நூறு தடவை சொல்லி அழுதாள். பொழுது சாயும்போது பிடித்த மழையில் இருபத்தேழாம் கொண்டை ஊசி வளைவில் மலை சரிந்து, ரோட்டையும் ரோட்டோரம் புதைத்திருந்த இணையக் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துப் பள்ளத்தில் தள்ளியது. கம்பி போனதும் செல்போன் கோபுரமும் ஊமையாகிவிட்டது.

மறுநாள் காலை வரை தேடாத இடமில்லை. தன் சாமானைத் தொட்டுவிட்டாளே என்கிற கோபத்திலாவது வந்து நிற்பாரா பார்ப்போம் என்று புஷ்பம் அவருடைய கம்ப்யூட்டரைப் போட்டாள், அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து இருமல் வந்தது. இருபது வருஷம் தேயிலைத்தூள் தின்ற நெஞ்சிலிருந்து வருகிற, இரண்டு சின்னதும் ஒரு நீட்டமுமான அந்த இருமலை அவள் ஆயிரம் இருமலுக்கு நடுவிலும் அடையாளம் சொல்லுவாள். பின்னாலேயே டிராக்டர் உறுமும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அய்யோ என்று கோதுமைப் படத்தை அமுக்கினாள். அது திறக்கவில்லை. கறுப்பாக ஒரு சதுரம் வந்து அதில் ஏதோ இங்கிலீஷில் நின்றது.

வில்லியம் வந்து படித்தான். “நீங்கதான் இதுக்குச் சொந்தக்காரர்னு சரிபார்க்கணும், இணையத்துல இணையுங்கன்னு வருதுக்கா.”

“இணையம்தான் இல்லையே.”

“அதாங்க்கா.”

“அவர் வாங்கினதுதானேப்பா? நீதானே பக்கத்துல இருந்து வாங்கிக் குடுத்த?”

“வாங்கினதுதான். இணையம் இல்லாமலும் ஆடலாம். ஆனா இணையம் போச்சுன்னா அது இல்லாமலே ஆடிக்கிறேன்னு, இருக்கும்போதே ஒரு தடவை அவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கணும்.”

“இது என்ன கூத்து! மழை வர்றதுக்கு முந்தியே நான் நனையப்போறேன்னு மழைகிட்ட எழுதிக் குடுக்கணுமா?”

வில்லியம் தலையைச் சொறிந்தான். “நாம வாங்கினது பொருளை இல்லக்கா. அவங்க விடற வரைக்கும் ஆடிக்கலாங்கிற அனுமதியை.”

“லைன் வீடு மாதிரியா?”

“அப்படியே லைன் வீடு மாதிரிதான்” என்றான் வில்லியம், அவனும் லைன் வீட்டில் பிறந்தவன்தான்.

இதைக் கேட்டதும் புஷ்பம் தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஏனென்றால் எஸ்டேட் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு எதுவும் அதில் இருக்கிறவனுக்குச் சொந்தமில்லை. தொழிலாளர் பட்டியலான செக்ரோலில் பேர் இருக்கிறவரைக்கும் வீடு. பேர் போனால் சட்டி பானையோடு கீழே இறங்கவேண்டியதுதான். தொடர்ந்து முப்பது நாள், காலையில் பேர் கூப்பிடும் மஸ்டருக்கு வராதவன் பேரை அடித்துவிடுவார்கள். புஷ்பம் கொழுந்து பறிக்கப் போகிறாள் என்றாலும் தற்காலிகம், அவள் பேருக்கு வீடு கிடையாது. உண்மையைச் சொல்வதானால், அந்த முதல் நாள் அவளுக்குப் புருஷனைப் பற்றின கவலையைவிட வீட்டைப் பற்றின கவலைதான் முன்னால் வந்தது. அப்படி வந்ததே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது.

செய்தி தெரிந்ததும் எஸ்டேட்டே திரண்டு வந்து, குடையை வாசலில் சாத்தி வைத்துவிட்டு, வரிசையாகப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு ராசம்மா வரிசையைப் பார்த்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு இருமல், அதற்குமேல் நிற்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் மாதிரி சிலர் பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தார்கள். மழைக் குளிருக்குப் பெட்டி சில்லிட்டுப் போகக்கூடாது என்று ஒருத்தி கம்பளி போர்த்தினாள். சூடாகிப் போகக்கூடாது என்று இன்னொருத்தி அதை எடுத்தாள். சாமியார் வந்து ஜெபம் பண்ணினார், பண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் இவர் பேரை நோயாளிகளோடு சேர்த்து வாசிப்பதா இறந்தவர்களோடு சேர்த்து வாசிப்பதா என்று கொஞ்ச நேரம் குழம்பி, கடைசியில் பயணத்தில் இருப்பவர்களோடு சேர்த்து வாசித்தார், எல்லாருக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆம்பிளைகளில் பலபேர் வெளியே “பாவம்” என்று உச்சுக்கொட்டினாலும், சொந்தத் தரையில் வெறுங்காலோடு நடக்கிறானே மகராசன் என்று உள்ளுக்குள் பொறாமைப்பட்டது புஷ்பத்துக்குத் தெரிந்தேதான் இருந்தது.

கரண்டு போகும்போதுதான் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மழைக்காலத்தில் அந்த மலையில் கரண்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை போகும். போனால் பெட்டிக்குள் சத்தமே இருக்காது. அந்த நேரம் அவர் அங்கே தூங்குகிறாரா, கல்லாய் நிற்கிறாரா, இருக்கவே இருக்கிறாரா என்று யாரைக் கேட்பது? புஷ்பம் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரண்டு வந்து, காற்றாடி சுற்றி, இரண்டு சின்னதும் ஒரு நீட்டமுமாக இருமல் கேட்டபிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க எழுந்திருப்பாள். மலைச்சரிவைக் கால்நடையாகத் தாண்டிப் பெட்டியைப் பொள்ளாச்சிக்குத் தூக்கிப் போகலாமே என்று வில்லியம் ஒருநாள் சொல்லிப் பார்த்தான். “அந்த வளைவுல பஸ்ஸுல போனாலே நமக்கு வாந்தி வருது, தலையில தூக்கிக் குலுக்கிக்கிட்டுப் போனா உள்ள இருக்குற மனுஷன் என்னடா ஆவான்?” என்று ராசம்மா சத்தம் போட்டாள். சரிவு இன்னமும் மண்ணைக் கக்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று பார்த்து வந்தவர்களும் சொன்னதால், அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

மஸ்டர் எடுப்பது மலையாளத்துக்காரரான குரியன் சார். காலை ஏழரைக்குச் சங்கு ஊதியதும் ஆபீஸ் வாசலில் எல்லாரும் கூட, அவர் பெரிய புஸ்தகத்தைப் பிரித்து எண்ணும் பேரும் கூப்பிடுவார், கூப்பிட்டவன் முகத்தைக் காட்டி ஆஜர் சொல்லவேண்டும். முன்னொரு காலத்தில் செத்துப்போன ஒருத்தனுக்கு அவன் தம்பி ஆறு மாசம் ஆஜர் சொல்லி வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது வெளியே வந்ததிலிருந்து, அந்த எஸ்டேட்டில் கொலையைக்கூட மன்னிப்பார்கள், ஒருத்தனுக்கு இன்னொருத்தன் ஆஜர் சொல்வதை மன்னிக்க மாட்டார்கள். புஷ்பம் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு மஸ்டருக்குப் போனாள். ஆபீஸ் ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள்.

“இருநூத்திப் பதினாலு, ஞானசிகாமணி!”

கூட்டம் பெட்டியின் பக்கம் திரும்பியது. பெட்டி இருமியது.

“இருமிட்டாரு சார்! இருமிட்டாரு!” என்று கூட்டமே கத்தியது.

குரியன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. “இருமல் ஆஜராகுமோ புஷ்பம்? இருமல் எல்லாருக்கும் உண்டு. முகம் காணணும், வாய் திறந்து சொல்லணும். அல்லாது எனக்கு எழுதப் பற்றாது.”

அடுத்த நாளும் அவர் கூப்பிட்டார், அடுத்த நாளும் பெட்டி இருமியது, அடுத்த நாளும் அவர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். நாளாக நாளாக அது மஸ்டரில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இருநூத்திப் பதிமூணு ஆஜர் சொன்னதும் பீடியை அணைப்பார்கள், குடையை மடக்குவார்கள், இருமல் கேட்டதும் சிலுவை போடுகிறவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள், மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், அப்புறந்தான் இருநூத்திப் பதினைந்து. காலையில் அவர் பலமாக இருமினால் அன்றைக்குக் கொழுந்து எடை நன்றாக வரும் என்றுகூடப் பெண்கள் நம்ப ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் பார்த்தபோது புஷ்பத்துக்குப் பயமாக இருந்தது. எல்லாருக்கும் பழகிவிட்டது, அவர் உள்ளேயே இருப்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. இனி யாரும் அவரை வெளியே கொண்டுவர மெனக்கெட மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து, பெட்டிக்கு முன்னால் சோற்றைப் போட்டு வைத்து, “வந்துருங்க, உங்க டிராக்டரை இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், வந்துருங்க” என்று கெஞ்சுவாள். சோறு ஆறிப்போகும். இருமல் மட்டும் வரும். இருபது நாள் கழிந்தபோது, வீடு போனாலும் போகட்டும் ஆள் வந்தால் போதும் என்கிற இடத்துக்கு அவள் வந்து சேர்ந்திருந்தாள்.

செல்போன் கோபுரம் கிடக்கட்டும், ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டு உச்சிக்குப் போனால் கேரளா பக்கத்துக் கோபுரத்திலிருந்து சிக்னல் ஒட்டியும் ஒட்டாமலும் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன செய்வது? குட்டியோடு ஒரு யானைக் கூட்டம் அந்தக் காட்டில் வந்து நின்றுகொண்டு, இறங்குவேனா என்று அடம்பிடித்தது. வனத்துறைக்காரர்கள் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. பட்டாசு போட்டுப் பார்த்தார்கள், யானைகள் காதை ஆட்டிக்கொண்டு நின்றன. இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம், என்ன நினைத்ததோ, கூட்டம் தானாகவே அந்தப்பக்கச் சரிவில் இறங்கிப் போய்விட்டது என்று தகவல் வந்தது.

ராசம்மா அப்போதே குரியன் சார் வீட்டுக்குப் போய்விட்டாள். “சார், மஸ்டரை எங்க வச்சு எடுக்கணும்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?”

அவர் நிஜமாகவே புஸ்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தார். “போட்டிட்டில்ல” என்றார்.

முப்பதாம் நாள் காலை, அந்த மலையில் நூறு வருஷமாக நடக்காத ஒன்று நடந்தது. சங்கு ஊதியதும் எஸ்டேட் மொத்தமும் ஆபீசுக்குப் போகாமல் ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு ஏறியது. திருவிழாவுக்கு மட்டும் வெளியே வருகிற கோயில் ஜெனரேட்டரை மூங்கில் கட்டி நாலு பேர் சப்பரம் மாதிரித் தூக்கி வந்தார்கள். ராசம்மா திரையைத் தலையில் வைத்துக்கொண்டாள். புஷ்பம் பெட்டியை வேறு யார் கையிலும் கொடுக்காமல், மார்போடு அணைத்து, வழுக்குகிற இடத்திலெல்லாம் “பிடிச்சுக்கங்க, பிடிச்சுக்கங்க” என்று அதனிடம் சொல்லிக்கொண்டே ஏறினாள். கடைசியில் குரியன் சார் மூச்சு வாங்க, புஸ்தகத்தைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்தார். எட்டரைக்குள் கீழே போய்ப் புஸ்தகத்தை ஒப்படைத்தாகவேண்டும்.

உச்சியில் தூறல் விட்டிருந்தது. வில்லியம் தன் போனிலிருந்து இணைப்பைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டான். ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே கறுப்புச் சதுரம் வந்தது, சுற்றியது, சுற்றியது, மறைந்தது. கூட்டம் ஹோ என்றது. அடுத்த சதுரம் வந்தது. வில்லியத்தின் முகம் சுண்டிப்போனது.

“ரொம்ப நாளா வரலை, நீங்கதானான்னு சந்தேகமா இருக்காம். சொந்தக்காரர் போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்காம்.”

“அவர் போனா?” என்றாள் புஷ்பம். “அது அவர் சட்டைப்பையிலதானே இருக்கு!”

அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

சிக்னல் அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ராசம்மா தன் போனைப் புஷ்பம் கையில் திணித்தாள். புஷ்பம் புருஷன் நம்பரைப் போட்டாள். பெட்டிக்குள் மணி அடித்தது, ஆறு தடவை அடித்தது, டிராக்டர் சத்தம் நின்றது.

“அலோ?”

“என்னங்க! நான்தாங்க!”

“புஷ்பமா? எங்க போய்த் தொலைஞ்ச இத்தனை நாளா? கையை ஆட்டி ஆட்டித் தோள்பட்டையே கழண்டு போச்சு.”

“நான்தாங்க அணைச்சேன். பாவி நான்தான் உங்களை வச்சு மூடினேன்.”

“சரி சரி, அழாத. நீ என்ன தெரிஞ்சா செஞ்ச?”

“அக்கா, ஓடிபிக்கு மூணே நிமிஷம்!” என்று வில்லியம் குதித்தான்.

“இந்தாங்க, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க.”

“வந்திருக்கு. ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கே புஷ்பம்.”

கூட்டத்தில் பாதிப்பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். “சிகாமணியண்ணே, சொல்லுங்கண்ணே!” என்று வில்லியம் கத்தினான்.

“அது யாரு, வில்லியமா? இந்த மாதிரி ஆளுக்குத்தான் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கான்.”

“யோவ்!” என்றாள் புஷ்பம், கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக. “உம்ம பொண்டாட்டிகிட்டச் சொல்லாம வேற எவகிட்டச் சொல்லப் போறீரு?”

உள்ளே கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாக, காதோடு சொல்வதுபோல், ஏழு, பூஜ்யம், மூணு, மூணு, ஒண்ணு, ஒம்பது என்றார். வில்லியம் தட்டினான். திரை வெளுத்தது. தூரத்தில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது, தெரிந்த மாத்திரத்தில் அதன்மேல் வெள்ளையாக ஒரு பெரிய அறிவிப்பு வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

“இன்னும் என்னப்பா?” என்றாள் புஷ்பம். வில்லியம் அவளைத் திரும்பிப் பார்த்தான். “படி” என்றாள்.

அவன் படித்தான். “இந்த மாசக் கடைசியோட இந்த விளையாட்டை நிறுத்தறாங்களாம். அதுக்கப்புறம் யார்கிட்டயும், எங்கேயும், திறக்காதாம். இத்தனை நாள் ஆடினதுக்கு நன்றின்னு போட்டிருக்கு.”

“காசு குடுத்து வாங்கினவங்களுக்கு?”

“அவங்களுக்குத்தாங்க்கா நன்றி.”

அறிவிப்புக்கு அடியில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. சம்மதம் என்று அதற்கு அர்த்தம் என்றான். சம்மதமில்லை என்கிற பொத்தான் எங்கே என்று புஷ்பம் கேட்டாள். அவள் தன் கையாலேயே திரையின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தாள். அப்படி ஒன்று இல்லை.

“நான் அமுக்காம இப்படியே விட்டுட்டா? நான் சம்மதிக்கலைன்னா நிறுத்த மாட்டாங்கல்ல?”

“நிறுத்திருவாங்கக்கா. அமுக்கினாலும் நிறுத்துவாங்க, அமுக்காட்டியும் நிறுத்துவாங்க. அமுக்கினாத்தான் அண்ணனைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.”

“ஏ புஷ்பம்” என்று அறிவிப்புக்குப் பின்னாலிருந்து சிகாமணியின் குரல் வந்தது. “இங்க திடீர்னு வெயில் மறைஞ்சிருச்சே. மேகமே வராத ஊராச்சே இது. நீ லைன்ல இருக்கியா?”

குரியன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்ததற்காக வெட்கப்பட்டவர்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒருவரும் அமுக்கு என்றும் சொல்லவில்லை, அமுக்காதே என்றும் சொல்லவில்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன தன் விரலைப் புஷ்பம் ஒருதரம் பார்த்தாள். அமுக்கினாள்.

வெயில் வந்தது. அப்படியொரு வெயிலை அந்த மலை ஜூலை மாதத்தில் பார்த்ததே இல்லை. நனைந்த முகங்களிலெல்லாம் அது மஞ்சளாக அடித்தது. கண்ணுக்கு எட்டின மட்டும் கோதுமை நின்றது. அதற்கு நடுவே நீலச் சுண்ணாம்பு அடித்த ஓட்டு வீடு, வீட்டுக்கு முன்னால் காதில் போனும் கட்டம் போட்ட லுங்கியும் வெறுங்காலுமாக ஞானசிகாமணி. நன்றாகக் கறுத்திருந்தார், கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தார்.

“இருநூத்திப் பதினாலு” என்றார் குரியன் சார், புஸ்தகத்தைப் பிரித்துக்கொண்டு. “ஞானசிகாமணி!”

அவர் திடுக்கிட்டு, பழக்கதோஷத்தில் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, நேராக நிமிர்ந்து, “ஆஜர் சார்!” என்றார்.

குரியன் சார் எழுதினார். மலை அதிரக் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், ராசம்மா குலவை போட்டாள். வீடு தப்பித்துவிட்டது. இன்னும் முப்பது நாளைக்கு அந்த வீட்டை யாரும் தொடமுடியாது. ஊரிலுள்ள அத்தனை லைன் வீட்டையும் கொடுத்து அவரை மட்டும் வெளியே எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நின்ற காலிலேயே கொடுத்துவிட்டு வந்திருப்பாள் புஷ்பம். அப்படிச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

“போதுங்க” என்றாள் போனில். “வெளிய வந்துருங்க.”

“வழி தெரியல புஷ்பம். ஒரே திசையில நாலு நாள் நடந்தேன். அஞ்சாம் நாள் பார்த்தா நம்ம வீட்டுப் பின்வாசல்லயே வந்து நிக்கேன்.” அவர் திரையை நோக்கி நடந்து வந்தார். முகம் பெரிதாகியது, கண்ணும் மூக்கும் பெரிதாகின, அதற்குமேல் வர முடியவில்லை. புஷ்பம் கண்ணாடியில் கையை வைத்தாள். அது ஜெனரேட்டரோடு சேர்ந்து நடுங்கியது.

“ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு” என்று அவர் உற்சாகமாக ஆரம்பித்தார். “கதிர் பால் பிடிச்சிருக்கு. அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேல அறுப்பு. இவ்வளவு நாள் பாடுபட்டதை விட்டுட்டு வர மனசு வரலை. அறுத்து வீட்டுல போட்டுட்டேன்னா, அப்புறம் எனக்கு வேற வேலை இல்ல, வழியைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்துர்றேன். அதுவரைக்கும் பொறுத்துக்குவியா?”

புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வில்லியம் ஜெனரேட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பொறுத்துக்கறேங்க” என்றாள். “நிதானமா அறுத்துட்டே வாங்க.”

அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு டிராக்டரை நோக்கி நடந்தார். சமமான தரையில் அவருக்குக் கால் எங்கேயும் தடுக்கவில்லை. அவர் ஏறி உட்காருகிறவரைக்கும் புஷ்பம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, “வில்லியம்” என்று கூப்பிட்டாள். “இந்த மாசத்துக்கு முப்பது நாளா, முப்பத்தொண்ணா?”

“முப்பத்தொண்ணுக்கா.”

“அப்ப ஒரு நாள் கூட இருக்கு” என்றாள் அவள்.